வயதான கிரேஹவுண்டுக்குப் பல் அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லை எடுத்தாயிற்று, நாய் வீட்டுக்கு வந்தாயிற்று, முதல் ராத்திரி தூங்காமல் காவல் இருந்தாயிற்று. மறுநாள் காலை அது எழுந்து வாலாட்டியதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடும். மற்ற நாய்களுக்கு அந்த நிம்மதி சரி. கிரேஹவுண்டுக்கு இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரைதான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்க வேண்டிய காலம். ஏன் என்பது கீழே இருக்கிறது. மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அவர் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்வது, எது சாதாரணம், எப்போது ஓட வேண்டும் என்பதற்கே இந்தப் பக்கம்.

கிரேஹவுண்டுக்கு என்று தனிக் கவனிப்பு எதற்கு?

30 கிலோ லாப்ரடாரும் 30 கிலோ கிரேஹவுண்டும் தராசில் ஒன்றுதான். ஆனால் கிரேஹவுண்டின் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் மயக்கத்தில் கிடக்கும்போது உடம்புச் சூடு வேகமாக இறங்கும். திரும்ப ஏறவும் நேரமாகும். சில மயக்க மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி ஒன்றும் இந்த இனத்தில் மந்தமாக வேலை செய்கிறது. தயோபென்டால் என்ற பழைய மருந்து கிரேஹவுண்டுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது இதனால்தான். இன்று பரவலாகப் பயன்படும் புரோப்போஃபாலிலும் தெளிவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கலாம்.

இதைவிட முக்கியமானது ரத்தம். சில கிரேஹவுண்டுகளுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த உடனே ஒழுங்காக ரத்தம் உறையும்; உறைந்த கட்டி ஒன்றிரண்டு நாளில், காயம் ஆறும் முன்பே, கரைந்துவிடும். அப்போது ரத்தம் மறுபடி கசியத் தொடங்கும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. எட்டு, ஒன்பது வயதைத் தாண்டிய நாய்க்கு மூட்டுத் தேய்மானம், இடுப்பு நரம்பு அழுத்தம் போன்ற ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். இரண்டு மூன்று மணி நேரம் மேஜையில் அசையாமல் கிடந்தது அதையும் கிளறிவிடும்.

மருத்துவமனையிலிருந்து கூட்டி வரும்போது என்னென்ன கேட்டு வர வேண்டும்?

எந்தெந்தப் பல் எடுத்தார்கள் என்று ஒரு படத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். நாய்க்கு மொத்தம் 42 பல். “பதினெட்டு எடுத்தோம்” என்ற எண்ணிக்கை வீட்டில் உதவாது. மேல் கோரைப்பல் எடுத்திருந்தால் மூக்கைக் கவனிக்க வேண்டும், கீழ் கோரைப்பல்லோ கீழ்க் கடைவாய்ப்பல்லோ எடுத்திருந்தால் தாடையைக் கவனிக்க வேண்டும், முன் பல் மட்டும் என்றால் கவலை குறைவு. ஒவ்வொரு மருந்தையும் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். ரத்தம் கரையாமல் காக்கும் மருந்து கொடுத்தார்களா, வீட்டுக்கும் உண்டா என்று கேளுங்கள். நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஈற்றின் தையலை அங்கேயே ஒரு படம் எடுத்து வையுங்கள், ஐந்தாம் நாள் “இது முன்பே இப்படித்தான் இருந்ததா?” என்ற சந்தேகம் கட்டாயம் வரும்.

வீட்டுக்கு வந்ததும் நடுங்குகிறது. குளிரா, வலியா?

ஊகிக்க வேண்டாம், சூடு பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் இரண்டு செ.மீ. அளவு நுழைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண அளவு ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 37.5க்குக் கீழே என்றால் போர்த்த வேண்டும்: நாய்க்கோட்டு, அதன் மேல் கம்பளி, அடியில் தடித்த மெத்தை. வெந்நீர்ப் பையை வெறும் தோலில் வைக்காதீர்கள். கிரேஹவுண்டின் தோல் மெல்லியது. மயக்கம் தெளியாத நாய் சுட்டாலும் நகராது. துண்டில் சுற்றி முதுகோரமாக வைத்து, அரை மணிக்கு ஒருமுறை சூடு பாருங்கள். 38ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் போர்த்தியும் 37.5ஐத் தாண்டவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சூடு சரியாக இருந்தும் நடுங்கினால் வலி, பயம், மருந்தின் தாக்கம் மூன்றில் ஒன்று. மறுபக்கமும் உண்டு: இந்த இனம் பதற்றத்தில் சூடேறிப் போகும். நாக்கைத் தொங்கவிட்டு விடாமல் மூச்சிரைத்து, 39.5ஐத் தாண்டினால் போர்வையை எடுத்து மின்விசிறியைப் போட்டு டாக்டரிடம் பேசுங்கள். 40ஐத் தாண்டினால் வயிற்றையும் தொடையையும் தண்ணீரால் நனைத்தபடி கிளம்புங்கள்.

ராத்திரி முழுக்க முனகி அழுகிறது. வலி தாங்கவில்லையோ?

எப்போதும் அப்படி அல்ல. ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மருந்து கொடுத்திருந்தால் அது தெளியும் நேரத்தில் பல கிரேஹவுண்டுகள் சுவரைப் பார்த்து முனகும், ஓரிடத்தில் படுக்காது, கூப்பிட்டால் திரும்பாது. வலியில் இருக்கும் நாய் பெரும்பாலும் உங்களைப் பார்க்கும், பக்கத்தில் வரும் அல்லது ஒதுங்கும், முகத்தைப் பாதத்தால் தேய்க்கும், எச்சில் வடிக்கும். மருந்து மயக்கத்து முனகல் 8 முதல் 12 மணி நேரத்தில் குறைந்துகொண்டே போகும். வலியால் வரும் முனகல் அதே நேரத்தில் கூடும், ஏனென்றால் பல்லைச் சுற்றிப் போட்ட மரப்பு ஊசி அப்போதுதான் விடத் தொடங்கும். எதுவென்று தெரியாவிட்டால் ஃபோனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டருக்கு அனுப்புங்கள்.

விளக்கை மங்கலாக்கி, தரையிலேயே மெத்தை போட்டு, ஒருவர் பக்கத்தில் படுத்தால் பாதி அடங்கிவிடும். குழந்தைகளை அந்த ராத்திரி பக்கத்தில் விடாதீர்கள். பல கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கவ்விவிடும். மருந்தின் மயக்கத்தில் இது இன்னும் அதிகம். பெயர் சொல்லி எழுப்பிவிட்டுத் தொடுங்கள்.

எச்சிலில் ரத்தம் வருகிறது. எது வரை சாதாரணம்?

முதல் 24 மணி நேரம் இளஞ்சிவப்பு எச்சில், தண்ணீர்க் கிண்ணத்தில் ரோஜா நிறம், தலையணையில் அங்கங்கே கறை, இவை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. நிறம் நேரமாக ஆக வெளிற வேண்டும். திசைதான் முக்கியம். முதல் நாள் வெளிறி, இரண்டாம் நாள் நின்றுபோய், இரண்டாம் நாள் இரவோ மூன்றாம் நாளோ மறுபடி சிவந்தால் அது இந்த இனத்துக்கே உரிய தாமதமான ரத்தக் கசிவு. பொதுவாக 36 முதல் 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். “அங்குமிங்கும் உரசியிருக்கும்” என்று தள்ளிவிடாதீர்கள்.

வாயை மட்டும் பார்த்தால் போதாது. விழுங்கிய ரத்தம் வெளியே தெரியாது. இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள்களில் காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என நான்கு முறை இவற்றைப் பாருங்கள். ஈறு சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா. காயம் இல்லாத இடத்தில் ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா. டிரிப்ஸ் ஏற்றிய கால், ரத்தம் எடுத்த கழுத்து, தாடையின் அடிப்பக்கம், உள்தொடை ஆகிய இடங்களில் ஊதா நிறக் கன்றல் இருக்கிறதா, நேற்றைவிடப் பரவியிருக்கிறதா. கன்றலின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்தால் பரவுவது தெரிந்துவிடும். முடி குறைந்த அந்தத் தோலில் கோடு நன்றாகவே நிற்கும். இதயத் துடிப்பை விலாவில் கை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போது 140ஐத் தாண்டினால் உடனே கிளம்ப வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டிய மற்ற அறிகுறிகள்: சொட்டுச் சொட்டாக நிற்காத சிவப்பு ரத்தம், வாயில் ஈரல் துண்டு போன்ற கட்டி, வெளுத்த ஈறு, எழுந்து நிற்கத் தள்ளாட்டம், கால் வீங்கிக்கொண்டே போவது.

இப்போதே ரத்தம் சொட்டுகிறது. மருத்துவமனை போகும் வரை என்ன செய்வது?

நாயை நெஞ்சுப்பக்கமாகப் படுக்க வைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள், ரத்தம் தொண்டைக்குள் போகாது. சுத்தமான காஸ் துணியை நான்காக மடித்துக் குளிர்ந்த நீரில் நனைத்து, உதட்டுக்கு உள்ளே ஈற்றின் மேல் வைத்து, வெளியே கன்னத்திலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். விரலைப் பற்களுக்கு நடுவில் விடாதீர்கள். ஐந்து நிமிடம், எடுத்து எடுத்துப் பார்க்காமல். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பிடித்த கட்டி பிய்ந்து வரும். பஞ்சு வேண்டாம், இழை தையலில் சிக்கும். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது கசிவைக் கூட்டும்.

இந்தத் தாமதக் கசிவுக்கு மருந்து உண்டா?

உண்டு. அமினோகாப்ராயிக் அமிலம், டிரானெக்சாமிக் அமிலம் என்ற இரண்டும் உறைந்த கட்டி சீக்கிரம் கரைவதைத் தடுப்பவை. கிரேஹவுண்டுகளோடு பழகிய பல டாக்டர்கள் நிறைய பல் எடுக்கும்போது முன்னெச்சரிக்கையாகவே அறுவையின் அன்று தொடங்கி மூன்று முதல் ஐந்து நாள் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. நடுவில் ஒரு வேளை விட்டால் ஆபத்தான அந்த 36 முதல் 48 மணி நேரத்தில் காப்பு இல்லாமல் போகும். கொடுத்த பின் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதா என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

வழக்கமான ரத்த உறைவுப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது, ஆகவே பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பரிசோதனை கட்டி உருவாவதை அளக்கிறது. கிரேஹவுண்டில் பிரச்சினை கட்டி கரைவதில். இந்தத் தன்மையைக் காட்டும் மரபணுப் பரிசோதனை இப்போது இருக்கிறது. அடுத்த அறுவை எப்போதாவது வரும் என்றால் முன்கூட்டியே செய்து வைப்பது நல்லது.

ரத்த அறிக்கையில் சில எண்கள் தவறாகக் காட்டுகின்றனவே?

கிரேஹவுண்டின் சாதாரண எண்களே வேறு. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் மற்ற நாய்களைவிடச் சற்று மேலே நிற்கும், தசை அதிகம் என்பதால். தைராய்டு எண்ணும் தட்டணுக்களும் குறைவாக இருக்கும். சிவப்பணுக்களின் பங்கு 50 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். இந்தக் கடைசி எண்ணில்தான் ஒரு பொறி இருக்கிறது. அறுவைக்கு முன் 56 இருந்த நாய்க்கு மூன்றாம் நாள் 40 வந்தால் பரிசோதனைக்கூடத்தின் தாள் “இயல்பு” என்று அச்சிடும். ஆனால் அது பெரிய இழப்பு. பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு எப்போது கொடுக்கலாம்?

தலையைத் தூக்கி உட்கார்ந்து, தள்ளாடாமல் நான்கு எட்டு நடந்தால் முதலில் தண்ணீர், ஒரு தடவைக்கு அரைக் கோப்பை. அரை மணி நேரம் வாந்தி இல்லை என்றால் வழக்கமான அளவில் நான்கில் ஒரு பங்கு மெதுவான சாப்பாடு. மறுநாள் முதல் முழு அளவை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

உலர் தீவனம் சாப்பிடும் நாய் என்றால் ஒரு பங்கு தீவனத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊற வையுங்கள். கரண்டியால் அழுத்தினால் நடுவில் கடினக் கரு இல்லாமல் மசிய வேண்டும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகே கொடுக்க வேண்டும்; சூடு ஈற்றில் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஈரத் தீவனம், வேகவைத்து உதிர்த்த கோழி இரண்டும் நல்லவை. மிக்ஸியில் அரைத்த கூழைவிட விழுங்கும் அளவிலான மெதுவான சிறு உருண்டை மேல் என்பது எங்கள் கருத்து: கூழ் தையலுக்குள் ஒட்டிக்கொள்ளும், உருண்டை நேரே போய்விடும். சூப் கொடுத்தால் அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கக் கூடாது.

கிண்ணத்தை நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். நீண்ட கழுத்தைத் தரை வரை தாழ்த்த வேண்டியிருக்காது.

இந்த மெதுவான சாப்பாடு குறைந்தது 10 முதல் 14 நாள். நிறைய பல் எடுத்திருந்தால் மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்று சொல்லும் வரை. எலும்பு, கயிற்றுப் பொம்மை, மெல்லும் பொருள் எதுவும் நான்கு வாரம் வேண்டாம்.

இரண்டு நாளாகச் சாப்பிடவே இல்லை.

இரண்டு நாள் வரை காத்திருக்க வேண்டாம். முழுதாக 24 மணி நேரம் சாப்பிடாவிட்டாலே பேச வேண்டும். சேமித்த கொழுப்பு இல்லாத உடம்பு இது. 30 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே நாளுக்கு ஏறக்குறைய 900 கலோரி வேண்டும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் இயல்பாகவே துருத்தித் தெரிவதால் கண்ணால் பார்த்து மெலிவைச் சொல்ல முடியாது, தராசில் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் சும்மா விடக்கூடாது.

காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். கிண்ணத்தின் அருகே வந்து, முகர்ந்து, வாய் வைத்துவிட்டு விலகினால் வலி: வலி மருந்து போதவில்லை. முகர்ந்து உதட்டை நக்கித் தலையைத் திருப்பினால் குமட்டல்: அதற்கு வேறு மருந்து. கிண்ணத்துப் பக்கமே வராமல் படுத்திருந்தால் காய்ச்சலோ ரத்தக் குறைவோ இருக்கலாம்: அன்றே காட்ட வேண்டும். வாயில் வலுக்கட்டாயமாகத் திணிக்காதீர்கள். கையில் உருண்டை வைத்து நீட்டினால் சாப்பிடும் நாய்கள் உண்டு. உலோகக் கிண்ணத்தின் ஓரம் ஈற்றில் பட்டு வலிப்பதாலும் அப்படி இருக்கலாம். ஒரு தட்டையான தட்டு மாற்றிப் பாருங்கள்.

வாயைத் திறக்காமல் மாத்திரை கொடுப்பது எப்படி?

தாடையை விரித்தால் தையல் இழுபடும், ஆகவே உருண்டைதான் வழி. ஈரத் தீவனத்தில் மூன்று உருண்டை: முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை மூக்குக்கு நேராகக் காட்டியபடியே இரண்டாவதைக் கொடுங்கள். மூன்றாவதன் அவசரத்தில் இரண்டாவது மெல்லப்படாமல் போகும். கசப்பு மாத்திரை தொட்ட விரலால் முதல் உருண்டையைத் தொடாதீர்கள், ஒருமுறை தெரிந்துகொண்டால் ஒரு வாரம் ஏமாறாது. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். பின்னாலேயே ஈரமான உணவோ தண்ணீரோ போக வேண்டும்.

வீட்டில் இருக்கும் மனிதர் வலி மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. ஐபுப்ரொஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலையும் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

நாய்களுக்கென்றே உள்ள மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவையும் அளவோடுதான். தொடர் நாள்களில் மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.1 மி.கி., அதாவது 30 கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. கார்ப்ரோஃபென் நாள் முழுவதற்கும் சேர்த்துக் கிலோவுக்கு 4.4 மி.கி. சீட்டில் எழுதியது இதை மீறினால் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்தோ, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்கோ கொடுக்கக் கூடாது. குடலில் புண் வரும். வயதான கிரேஹவுண்டுகள் பல ஏற்கெனவே மூட்டுவலிக்கு இந்த வகை மருந்தில் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் சேர்ந்துபோவது இப்படித்தான். வெறும் வயிற்றில் வேண்டாம்.

காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து கொடுத்தால் பின்னங்கால் தள்ளாடும், தூக்கம் வரும். இரண்டு மூன்று நாளில் பழகும். மனிதர்களுக்கான காபாபென்டின் திரவத்தில் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாய்க்கு விஷம்.

மலம் கறுப்பாக இருக்கிறது. அல்லது மலமே போகவில்லை.

மயக்கம், பட்டினி, வலி மருந்து மூன்றும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் மலம் வராமல் போவது சகஜம். முதல் மலம் கறுப்பாக இருந்தால் விழுங்கிய ரத்தம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, நாறினால் வலி மருந்தால் வயிற்றில் புண்ணோ, வாயில் கசிவு தொடர்கிறதோ. அடுத்த வேளை வலி மருந்தை நிறுத்தி வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக்கால் மலம் இளகுவது வேறு, அது பழுப்பாகவே இருக்கும். முதல் இரவில் வீட்டுக்குள் சிறுநீர் போனால் கோபிக்காதீர்கள், டிரிப்ஸில் ஏறிய தண்ணீர் அது.

இருமுகிறது.

பெரும்பாலும் மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் வைத்த குழாயின் உராய்வு. இரண்டு மூன்று நாளில் போகும். அதுவரை கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாமல் ஹார்னஸில் மாட்டுங்கள். இருமலோடு காய்ச்சல் வந்தாலோ, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலோ நுரையீரலுக்குள் ஏதாவது போயிருக்கலாம், காட்ட வேண்டும்.

வாய்க்குள் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

வாயைத் திறக்காமல், உதட்டை மட்டும் மேலே தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஈற்றை விரித்துப் பல்லை எடுத்து மறுபடி இழுத்து மூடித் தைத்திருப்பார்கள். இளஞ்சிவப்பான ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நல்லது. மேலே வெள்ளையாக மெல்லிய படலம் இருந்தால் அது சீழ் அல்ல, ஆறும் திசு, துடைக்காதீர்கள். குழி தெரிகிறது, உள்ளே வெளிறிய எலும்பு தெரிகிறது, அல்லது சாப்பாடு அடைந்திருக்கிறது என்றால் தையல் விட்டுவிட்டது. பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் விடும்: எதையாவது கடித்திருக்கும், அல்லது ஈற்றை இழுத்துத் தைத்ததால் இறுக்கம் தாங்கவில்லை. சிறு இடைவெளி தானே மூடும். பெரியது என்றால் மறுபடி தைக்க வேண்டும். நீங்களே குச்சியால் சுத்தம் செய்யப் போகாதீர்கள். தையல் நூல் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தானே கரையும், நடுவில் நூல் துண்டு தரையில் விழுந்தால் பயமில்லை.

டாக்டர் சொன்னால் 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் உதட்டோரத்தில் மெல்ல விடலாம். மனிதர் வாய் கொப்பளிப்பான் வேண்டாம்.

தண்ணீர் குடித்ததும் தும்மல், ஒரு மூக்கில் மட்டும் நீர் வடிகிறது.

மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு. பல வருட ஈறு நோயில் அது அரித்துப்போயிருக்கும், பல்லை எடுத்ததும் வாய்க்கும் மூக்குக்கும் வழி விழும். முதல் இரண்டு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கலந்த நீர் வருவது உண்டு. ஒரு வாரத்துக்குப் பிறகும் சாப்பிடும்போது தும்மினாலோ, ஒரு பக்கம் மட்டும் சளி வந்தாலோ ஓட்டை மூடவில்லை என்று அர்த்தம். தானாக மூடாது; திரும்பத் தைக்க வேண்டும்.

கண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மேல் கடைவாய்ப்பல்லின் வேர் கண்குழிக்கு மிக அருகில். கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம் மூன்று நாளில் வடியும். கண் பிதுங்குவது, மூட முடியாமல் இருப்பது அவசரம்.

உதடு மாட்டிக்கொள்கிறது, நாக்கு வெளியே தொங்குகிறது. சரியாகுமா?

கோரைப்பல் தாங்கிப் பிடித்ததைப் பிடிக்க இப்போது ஆள் இல்லை. மேல் கோரைப்பல் போனால் கீழ் கோரைப்பல் மேலுதட்டில் ஏறும். பெரும்பாலும் சில வாரத்தில் பழகும், உதட்டில் புண் விழுந்தால் மட்டும் அந்தப் பல்லின் முனையைக் குறைப்பார்கள். கீழ் கோரைப்பல் போனால் நாக்கு பக்கவாட்டில் வழியும், அது பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடும். நுனி காய்ந்து வெடிக்காமல் தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆனால் வாய் ஒரு பக்கமாகக் கோணி, மூட முடியாமல், தொட்டால் கத்தினால் அது தாடை முறிவாக இருக்கலாம். ஈறு நோயில் எலும்பு கரைந்த வயதான நாய்க்குக் கீழ்த்தாடை மிகவும் பலவீனம். சாப்பாட்டை நிறுத்தி எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோங்கள்.

நடை, படிக்கட்டு, மஸில் (வாய்க்கூடு)?

மூன்று நாள் கயிற்றில் பத்து நிமிட நடை, மலஜலத்துக்கு மட்டும். ஓட்டம் 14 நாள் கிடையாது. ஓடினால் ரத்த அழுத்தம் கூடும்; முதல் வாரத்தில் கசிவு மறுபடி தொடங்க அதுவே போதும். வழுவழுப்பான தரையில் கம்பள விரிப்புப் போடுங்கள், சோஃபாவில் ஏற விடாதீர்கள். படிக்கட்டு தவிர்க்க முடியாது என்றால் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்குங்கள்.

மற்ற நாய்களோடு இருக்கும்போது கூடை போன்ற மஸில் போட்டுப் பழகிய கிரேஹவுண்டுகளுக்கும் இந்த இரண்டு வாரம் மஸில் வேண்டாம். அதன் முன் கம்பி நேரே மேலீற்றில் இடிக்கும். அதற்குப் பதிலாக மற்ற நாயைத் தனி அறையில் வையுங்கள்.

கூப்பிட்டால் திரும்பவில்லை, காது போய்விட்டதா?

முதல் இரண்டு நாள் மருந்து மயக்கம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகும் பின்னால் கை தட்டினால் காதே அசையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்க மருந்தோடு நடக்கும் பல் சிகிச்சைக்குப் பிறகு வயதான நாய்களுக்கு அரிதாகக் காது கேட்காமல் போவது பதிவாகியிருக்கிறது, பெரும்பாலும் திரும்புவதில்லை. கை சைகைக்குப் பழக்குங்கள், திறந்த வெளியில் கயிற்றை விடாதீர்கள்.

மூன்று வாரம் ஆகியும் தாடை வீக்கம் வடியவில்லை.

காத்திருக்காதீர்கள். எஞ்சிய வேர்த் துண்டு, எலும்பில் தொற்று, இல்லாவிட்டால் கட்டி. எலும்புப் புற்றுநோய்க்கு அதிகம் இலக்காகும் இனம் இது. எக்ஸ்ரேவும், தேவையானால் திசுப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். அதேபோல அறுவைக்குப் பின் நொண்டத் தொடங்கி ஒரு வாரத்தில் தீராத காலையும் “மேஜையில் படுத்ததால்” என்று விட்டுவிடாதீர்கள்.

மிச்சமுள்ள பற்களை எப்போது துலக்கத் தொடங்கலாம்?

மறுபரிசோதனை முடிந்து, பொதுவாக 14 நாளுக்குப் பிறகு. முதல் வாரம் விரலில் சுற்றிய ஈரக் காஸ், வெளிப்பக்கம் மட்டும், பக்கத்துக்கு பத்து விநாடி. அடுத்த வாரம் மெதுவான பிரஷ், நாய்களுக்கான பேஸ்ட். மனிதர் பேஸ்ட்டில் ஃபுளோரைடும் சிலவற்றில் சைலிட்டாலும் இருக்கும், நாய்க்குத் துப்பத் தெரியாது. பல்லின் மேல் படியும் அழுக்கு இரண்டு மூன்று நாளில் கல்லாகத் தொடங்கும். ஆகவே தினமும் அரை நிமிடம் துலக்குவது, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் துலக்குவதைவிட எவ்வளவோ மேல். மெல்லக் கொடுக்கும் எதையும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் பல்லை உடைக்கும்.

எல்லாப் பல்லும் போய்விட்டது. இனி எப்படிச் சாப்பிடும்?

நன்றாகச் சாப்பிடும். நாய் பெரும்பாலும் கவ்வி விழுங்கும் பிராணி. ஊறவைத்த தீவனத்தை நாக்கால் வாரிப் போட்டுக்கொள்ளும். சீழ் பிடித்த பல்லோடு இருந்தபோது கிண்ணத்தில் மீதி வைத்த நாய், ஈறு ஆறியதும் கிண்ணத்தை வழித்து நக்குவதைப் பலர் மூன்றாம் நான்காம் வாரத்தில் பார்ப்பார்கள். துண்டு பெரிதாக இருந்தால் தொண்டையில் சிக்கும், சுண்டைக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். பல் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள்.